தொகை

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடினால்
என் இ-சேவை மையத்துக்குக் கூட்டம் வரும்.
சிலர் நிழலுக்கு. சிலர் தண்ணீருக்கு.
வைரக்கண்ணு ஒரு சொல்லோடு வந்தார்.

கைபேசியை மேசையில் வைத்து
தொடாமல் விரல் நீட்டினார், தேளைக் காட்டுவதுபோல.
திரையின் ஓரத்தில் தொடங்கி
இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறங்கி
அங்கும் அடங்காமல் கிடந்தது:
இன்சஃபிசியன்ட்லி-டாக்குமென்டட்.
நடுவில் ஒரு சின்னக் கோடு.

"இதுதான் என் இன்சூரன்ஸை மறிச்சிக்கிட்டு நிக்குது.
வாய்க்குள்ள போற அளவுக்கு
நறுக்கிக் குடு தாயி."

நான் தமிழ் படித்தவள். திருவாரூரில், மூன்று வருடம்.
படிப்பு வேலை வாங்கித் தரவில்லை,
நறுக்க ஆகும்.
ரசீதுத் தாளின் முதுகில் எழுதினேன்:
இன். சஃப். ஃபி. சியன்ட். லி.
டாக். யு. மென். டட்.
ஒன்பது.
நேரா நிரையா என்று அலகிடப் பார்த்தேன்,
ஆய்தம் குறுக்கே நின்று விடமாட்டேன் என்றது.
யாப்பில் எனக்குத் தெரிந்த மா
தேமாவும் புளிமாவும்.
அவருக்கு ஆறு மா, கோரையாற்றுப் பாசனம்,
ஐப்பசியில் நட்டது,
கார்த்திகையில் பதினோரு நாள் தண்ணீருக்கடியில்.

ஒன்பதையும் சொல்லிப் பார்த்தார்.
மென்னில் வழுக்கி
டட்டில் எழுந்து நின்றார்.
"சொல்ல வருது.
இதுல தண்ணி எங்க இருக்கு?"

இல்லை.
அசை மூச்சுக்காக வெட்டுவது,
பொருள் வேறு இடத்தில் பிரியும்,
மூணாற்றுத் தலைப்பில் வெண்ணாறு பிரிவதுபோல.
கோடு இருக்குமிடம் மதகு.
இந்தப் பக்கம் 'போதும்' என்கிற சொல்,
அதன் தலையில் ஏறி உட்கார்ந்து இல்லை இல்லை என்கிற இன்,
வாலில் லி, நம்முடைய 'ஆக'.
அந்தப் பக்கம் ஆவணம்,
வாலில் டட், நம்முடைய 'பட்ட'.
சேர்த்தால்:
போதாததாக ஆவணப்படுத்தப்பட்ட.
தமிழில் இன்னும் நீண்டுவிட்டது. இருவரும் சிரித்தோம்.

"பட்ட, சரி. பட்டது யாரு?"

பெயரடை என்றேன்,
பின்னால் ஒரு பெயர் வர வேண்டும்.
திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.
பெயர் வரவில்லை.
செய்தி அந்த அடையோடு முடிந்திருந்தது.

விட்டிருக்கலாம். படித்த வாய் விடவில்லை.
வெள்ளச்சேதம் என்று சொல்கிறோமே,
வெள்ளத்தால் வந்த சேதம்,
'ஆல்' நடுவில் ஒளிந்துகொள்ளும்,
இப்படி உருபை விழுங்கிவிட்டுச் சேர்ந்து நிற்பதற்குத்
தொகை என்று பெயர் என்றேன்.

"தொகையா? எவ்வளவு?"

வெளியே சரக்கு ரயில், நெல் மூட்டைகளோடு,
கொக்கியில் கொக்கி மாட்டிய நாற்பத்திரண்டு பெட்டி.
அவர்தான் எண்ணினார்.
கடைசிப் பெட்டி போனதும் திரும்பி,
"இந்த ஒன்பதுல எந்தத் துண்டை எடுத்தா பணம் வரும்?"

மூன்று வருடத்தில் என்னை யாரும்
இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.
முதல் துண்டை அடித்தேன்.
இன் போய்விட்டால் மிச்ச எட்டும் நல்ல சொல்.
அதை எடுக்கப் பேனா போதாது,
அடங்கல் வேண்டும்,
வி.ஏ.ஓ. கையெழுத்தும் முத்திரையும்.
அவருக்கு இரண்டு ஊர். இங்கே செவ்வாய்க்கிழமை.

பத்து ரூபாய் வைத்தார்.
என் விலைப்பட்டியலில் நறுக்குவதற்குக் கட்டணம் இல்லை,
ஜெராக்ஸ் கணக்கில் எழுதினேன்.

கேட் தூக்கியாயிற்று.
லாரியும் பஸ்ஸும் ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டு நகர
எக்ஸெல்லை மிதித்துக் கிளப்பினார்.
உதடு அசைந்துகொண்டிருந்தது:
சஃப். ஃபி. சியன்ட். லி.
எட்டுதான். இன்னைச் சொல்லவில்லை.
செவ்வாய்க்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.